பெட்டியடியும் அடுக்குக் கட்டிலும்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளைச் செப்பனிட்டுத் தங்கும் விடுதிகளாக நடத்திவரும் அனைவருக்கும்,

போன தைப்பூசத்தின்போது உங்களில் ஒருவருடைய வீட்டில் நான்கு இரவு தங்கினேன். சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்து. மேல்மாடியில் பெண்களுக்கான எட்டுக் கட்டில் அறை. ஆறாம் எண், கீழ்க் கட்டில். எனக்கு மேலே என் அண்ணன் மகள். எந்த விடுதி என்று எழுதப்போவதில்லை. அக்கம்பக்கத்தில் ஏறி இறங்கிப் பார்த்த ஆறேழு விடுதிகளுக்கும் இந்தக் கடிதம் பொருந்தும்.

தமிழில் எழுதினால் அவர்கள் எங்கே படிக்கப்போகிறார்கள் என்று அண்ணன் மகள் கேட்டாள். மாலை நேரத்தில் உங்கள் வரவேற்பு மேசையில் ஒரு தமிழ்ப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவளைப் போல ஒருத்தி இன்னும் சில விடுதிகளிலும் இருப்பாள். அவள் படித்துச் சொல்லட்டும்.

ஐம்பத்தெட்டு வயதில் அடுக்குக் கட்டிலில் படுக்க நான் ஆசைப்பட்டு வரவில்லை. பூசத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் அறை தேடினால் ஓட்டல்களெல்லாம் நிறைந்துவிட்டன. மிச்சமிருந்தவை என் ஓய்வூதியத்துக்கு எட்டாதவை. "அயித்தை, எட்டுப் பேரோடு படுக்க உங்களுக்குச் சம்மதமா?" என்று அவள் பயந்து பயந்து கேட்டாள். தேவகோட்டைப் பக்கம் செட்டிநாட்டு வீடு ஒன்றில் வளர்ந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? எங்கள் வளவில் கல்யாணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அறை உண்டு. அறைக்குள் இருந்தவை இரும்புப் பெட்டியும் சீர்ச் சாமானும். பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் முற்றத்தைச் சுற்றிய பத்தியில்தான் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்தோம். இருபது பேர் மூச்சு விடும் சத்தத்தில் தூங்கிப் பழகியவளுக்கு எட்டுப் பேர் ஒரு கணக்கா?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வரச் சொன்னீர்கள். அங்கேயே பாதி மனசு நிறைந்துவிட்டது. வாசலை ஒட்டிய அஞ்சடி நடையில் நின்று பார்த்தபோது முகப்பு பதினெட்டு அடி அகலம் இருந்தால் அதிகம். உள்ளே போனால் வீடு முடியவே மாட்டேன் என்கிறது. பக்கச் சுவர் இரண்டும் அண்டை வீடுகளோடு பொது என்பதால் பக்கத்தில் சன்னல் வைக்க வழியில்லை. ஆகவே நடுவில் கூரையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், வெளிச்சமும் காற்றும் அந்த வழியே இறங்கட்டும் என்று. நீங்கள் அதை ஏர்வெல் என்கிறீர்கள். எனக்கு அது முற்றம். இரண்டாம் நாள் மதியம், காலம் தப்பி ஒரு மழை. ஓட்டு விளிம்பிலிருந்து நூல் நூலாக இறங்கிய தண்ணீர் கருங்கல் தளத்தில் விழுந்து, மூலையில் இருந்த துவாரத்தைத் தேடிப் போனது. கொலம்பியாவிலிருந்து வந்திருந்த பெண் ஒருத்தி படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

இன்னொன்று, தெருப்பக்கச் சன்னலுக்குக் கீழே பலகைத் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம். விளிம்பில் விரலைக் கொடுத்தால் கட்டை தனியாகக் கழன்று வருகிறது. குனிந்து பார்த்தால் நேர் கீழே வாசல்! கதவைத் தட்டுகிறவர் யாரென்று மாடியிலிருந்தே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. அதை அடைத்து மேலே வினைல் ஒட்டிவிடாமல் வைத்திருக்கிறீர்களே, அதற்காகவே உங்களுக்கு ஒரு கும்பிடு. அண்ணன் மகள் அதன் வழியாக என் தலை வகிட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினாள்.

குறையும் ஒன்று உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். மாடியில் புதிதாகக் கட்டிய குளியலறைகளுக்குப் பின்னால் பழைய சுவர் ஈரம் கோத்துக் கிடக்கிறது. வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிர்கிறது. செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய சுவர் உள்ளே போன ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் மூக்கைப் பொத்திய மாதிரி. ஈரம் போக இடமில்லாமல் செங்கல்லையே தின்ன ஆரம்பிக்கும். எங்கள் ஊரில் இதே தவறைச் செய்து இதே உப்பைச் சுரண்டிக்கொண்டிருக்கிறோம். கொத்தனாரிடம் சுண்ணாம்புக்குத் திரும்பச் சொல்லுங்கள்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

என் ஐயா, அப்பாவைப் பெற்றவர், பதினாறு வயதில் பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர். ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையன். மூன்று வருஷத்துக்குச் சம்பளச் சீட்டு எழுதிக் கப்பல் ஏறினார். பிறகு அடுத்தாள் ஆனார், அதற்குமேல் ஆகவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் பினாங்கில் குண்டு போட்டபோது அவர் அங்கே இருந்தார். யுத்தம் முடிந்து 1946-ல் ஊர் திரும்பும்வரை வீட்டுக்கு ஒரு கடிதாசி இல்லை. அப்பத்தா தாலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வருஷங்கள் அவை என்பார்கள்.

ஐயா இருந்த இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். பினாங்கு தெருவில் அப்படிப் பல இருந்தன. உங்கள் வீட்டைப் போலவே நீண்டு கிடக்கும் ஒரு கடைவீடு. கீழே ஒரே கூடம். இரண்டு சுவரோரமும் வரிசையாகப் பாய்கள். ஒவ்வொரு பாயும் ஒரு விலாசம், அதாவது ஒரு தனிக் கடை. பாய்க்கு முன்னால் சாய்ந்த மூடி போட்ட கைப்பெட்டி, முதுகுப் பக்கம் பெட்டகம். அந்த இடத்துக்குப் பெட்டியடி என்று பெயர். சம்மணம் போட்டு உட்கார்ந்து கடன் கொடுப்பார்கள், வாங்கியவர்கள் பெயரை ஏட்டில் எழுதுவார்கள். தவுக்கை என்கிற சீன முதலாளியும் வருவார், ரப்பர்த் தோட்டத்துக் கங்காணியும் வருவார், எல்லோருக்கும் அதே பாய்தான். இருட்டினால் பெட்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டு அங்கேயே தலையணை போடுவார்கள். பொதுவாக ஒரு சமையல்காரர், பின்கட்டில் பொதுவாக ஒரு தொட்டி. பெண்வாடை கிடையாது, மனைவி மக்களெல்லாம் ஊரில். "பகலெல்லாம் லட்சம் புரளும் இடத்தில் ராத்திரி நாங்கள் புரளுவோம்" என்பார் ஐயா. அவர் நகைச்சுவை அவ்வளவுதான். அதையே ஐம்பது தடவை சொல்லியிருக்கிறார்.

அந்த மாதிரிப் பாய்களிலிருந்து போன பணத்தில்தான் செட்டிநாட்டில் பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் பதித்த வீடுகள் எழுந்தன. முதலாளி வீட்டுக்குத் தூண். அடுத்தாள் வீட்டுக்கு, எங்களுக்கு, இரண்டு கட்டோடு சரி. கட்டியவர்கள் கடல் கடந்து ஒரு பாய் அகலத்தில் படுத்திருந்தார்கள். இன்று அந்த வீடுகள் பலவற்றில் கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் விளக்கெரிகிறது.

ஆறாம் எண் கட்டிலில் படுத்து, திரையை இழுத்துவிட்டு, பையைத் தலைமாட்டில் வைத்தபோது எனக்கு இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. தலைமாட்டில் ஒரு பெட்டி, இரண்டடி தள்ளி இன்னொரு மனுஷி, பொதுவாக ஒரு குளியலறை. நீங்கள் ஏதோ புதுத் தொழில் தொடங்கியதாக நினைத்திருக்கிறீர்கள். உங்கள் தெருக்கள் நூறு வருஷத்துக்குமுன் செய்த தொழிலே இது. எழுபதுகளிலிருந்து முதுகுப்பையோடு வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளும் சூலியா தெருவிலும் லவ் லேனிலும் மலிவான அறைகளில்தான் கிடந்தார்கள். ஐந்து நட்சத்திரம் போட்டு ஒரே ஒருவரைப் பட்டு மெத்தையில் படுக்க வைக்கும் ஓட்டல்களைவிட, எட்டுப் பேரை ஒரு கூடத்தில் படுக்க வைக்கும் உங்கள் விடுதிதான் அந்த வீட்டின் சுபாவத்துக்கு ஒத்தது. உங்களுக்கு எழுதுவதும் அதனால்தான்.

உங்கள் கூடத்தில் செம்புத் தகடு ஒன்று பதித்திருக்கிறீர்கள். 1890களில் கட்டப்பட்டது, 2011-ல் மீட்டெடுக்கப்பட்டது என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் இருக்கிறது. கீழே ஓட்டைப் பற்றி, சன்னல் சட்டங்களைப் பற்றி, சுண்ணாம்பைப் பற்றி நாலு வரி. அழகாகத்தான் எழுதியிருக்கிறது. மற்ற விடுதிகளிலும் தேடித் தேடிப் படித்தேன். எல்லாவற்றிலும் இரண்டு வருஷங்கள்தாம். நடுவில் நூறு வருஷத்துக்கு மேல் ஓட்டை. கட்டினார்கள், பிறகு நீங்கள் வந்தீர்கள். இடையில் வீட்டில் எலிதான் இருந்ததா?

யார் இருந்தார்கள் என்று உங்கள் தரையே சொல்கிறது. எட்டுக் கட்டில் அறையின் பலகையில் ஏழெட்டு அடிக்கு ஒரு தரம் குறுக்கே நேர்கோட்டில் ஆணித் துளைகள். மெழுகு வைத்து அடைத்திருக்கிறீர்கள், ஆனால் காலையில் தெருப்பக்க வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொன்றும் தெரிகிறது. கோட்டுக்கு ஒரு பக்கம் பலகை வெளுப்பு, மறுபக்கம் கறுப்பு. வரவேற்பு மேசைப் பெண்ணைக் கூட்டிவந்து காட்டினேன். அவள் ஒரு நிமிஷம் பேசவில்லை. "இது தடுப்பு போட்ட இடம் ஆன்ட்டி. பாட்டி வீடு இப்படித்தான் இருந்துச்சாம்" என்றாள்.

அவள் பாட்டி பக்கத்துத் தெருவில் ஒரு கடைவீட்டின் மாடியில், பலகைத் தடுப்புக்குள் நாலு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். ஒரே மாடியில் ஐந்து குடும்பம். தடுப்புக்கு அந்தப் பக்கம் சீனத் தச்சர் ஒருவர், அவருக்கு இருமல் வந்தால் இவர்கள் வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளுமாம். முற்றத்தில் வரிசை வைத்துத் துணி துவைப்பு. வாடகை எவ்வளவு தெரியுமா என்று கேட்டுச் சிரித்தாள். அவளுக்கே தெரியவில்லை, பாட்டி சொல்லும்போது நம்ப முடியாத அளவுக்குக் குறைவு என்பது மட்டும் நினைவிருக்கிறது.

வாடகை குறைவாக இருந்ததற்குக் காரணம் சட்டம். உங்களுக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1948 ஜனவரி முடிவதற்குள் கட்டிய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. 1966-ல் வந்த சட்டம் அதை உறுதி செய்தது. வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, குடியிருப்பவரை எளிதில் கிளப்பவும் முடியாது. வீட்டுக்காரர் தம் பங்குக்கு ஓர் ஓடுகூட மாற்றமாட்டார். வருகிற வாடகை ஓட்டுக்குக் காணாது. இடித்துப் புதிதாகக் கட்டுவதும் எளிதில்லாததால் வீடுகள் அப்படியே நின்றன. ஒழுகிக்கொண்டு நின்றன, ஆனால் நின்றன. அவை நின்றதால்தான் 2008-ல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. 109 ஹெக்டேருக்குள் 1,700-க்கு மேற்பட்ட பழைய கட்டடங்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். வீடு பிழைத்ததற்குத் தச்சரின் இருமலும் ஒரு காரணம்.

1997-ல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட முடிவானது. இரண்டு வருஷ அவகாசம் கொடுத்து, 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு இல்லை. வாடகை பல மடங்கு ஏறியது, ஆயிரக்கணக்கானவர்கள் வெளியேறினார்கள். பாட்டியும் சட்டிபானையோடு ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடிக்குப் போனார். தச்சர் எங்கே போனார் என்று தெரியாது. காலியான வீடுகள் சிலவற்றில் சன்னலை அடைத்து, கூடு எடுப்பதற்காக உழவாரன் குருவிகளை வளர்த்தார்கள். அதற்குப் பின்னர் வந்தீர்கள் நீங்கள்.

உங்கள்மேல் பழி போட இதை எழுதவில்லை. பாட்டியை நீங்கள் வெளியேற்றவில்லை. அவர் போய்ப் பத்து வருஷத்துக்குப் பிறகு கதவைத் திறந்தவர்கள் நீங்கள். உங்களுக்குப் பாடம் சொல்லும் தகுதியும் எங்களுக்குக் குறைவு. காரைக்குடியில் பழஞ்சாமான் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள்: எங்கள் பங்காளிகள் கழற்றி விற்ற நிலைக்கதவும் தூணும் எனாமல் தூக்குச்சட்டியும் விலைச்சீட்டோடு நிற்கும். எங்கள் வீட்டு ஊஞ்சல் பலகை பெங்களூரில் யாரோ ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை. விற்றதில் என் கையெழுத்தும் உண்டு. நீங்கள் ஒரு வீட்டை முழுசாக நிறுத்தியிருக்கிறீர்கள்.

அதனால்தான் உரிமையோடு கேட்கிறேன். அந்தத் தகட்டுக்குக் கீழே இன்னொரு தகடு வையுங்கள். மாடியில் எத்தனை தடுப்பு, எத்தனை குடும்பம், என்ன தொழில், எந்த வருஷம் போனார்கள். பெரிய ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். அந்தத் தெருவில் இன்னும் மிச்சமிருக்கிற பழைய கடைக்காரர் ஒருவரிடம் ஒரு காப்பி குடிக்கும் நேரம் பேசினால் பாதி கிடைத்துவிடும். மீதிப் பாதி உங்கள் வரவேற்பு மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அவளிடம் யாரும் கேட்டதில்லையாம். அடைத்த ஆணித் துளைகளில் ஒரு வரிசையையாவது திறந்து விடுங்கள். எட்டுக் கட்டிலில் படுக்க வருகிற பெண், தான் யார் வீட்டுச் சமையல்கட்டில் தலை வைத்திருக்கிறோம் என்று தெரிந்து படுக்கட்டும். தூக்கம் ஒன்றும் கெட்டுவிடாது. எனக்குத் தெரிந்த பிறகு நன்றாகவே தூங்கினேன், மேல் கட்டில் கிறீச்சிட்ட நேரம் போக.

பூசத்துக்கு முதல் நாள், செட்டிப் பூசத்தன்று, விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டோம். சத்தம் போடாமல் படியிறங்க நினைத்தால் அந்த மரப்படி விடவில்லை, அறையே விழித்துக்கொண்டது. கொலம்பியாப் பெண்ணும் கூடவே கிளம்பிவிட்டாள். பினாங்கு தெருக் கோவில் வீட்டிலிருந்து முருகன் வெள்ளி ரதத்தில் தண்ணீர்மலைக் கோவிலுக்குப் புறப்படுகிறார். வழியெல்லாம் குவியல் குவியலாகத் தேங்காய். தமிழர்களைவிடச் சீனர்கள் அதிகமாக உடைத்த மாதிரி எனக்குத் தோன்றியது. எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகளுக்குத் தண்ணீர்மலை என்று பெயர் வைப்பார்கள். அந்தப் பெயர்கொண்ட பலர் இந்த மலையைப் பார்த்ததில்லை. தெறித்த தேங்காய்த் தண்ணீரில் கால் நனைய நின்றபோது, ஐயா இதே தெருவில் இதே ரதத்துக்குப் பின்னால் நடந்திருப்பார் என்ற நினைப்பு வந்தது.

அவர் இருந்த கிட்டங்கியைத் தேடினேன். கிடைக்கவில்லை. அவர் கடிதங்களில் விலாசத்தின் எழுத்துகள் இருக்கின்றன, பினாங்கு தெரு என்று இருக்கிறது, கதவு எண் இல்லை. அன்றைக்கு அது தேவைப்படவில்லை போலும். விலாசத்தைச் சொன்னால் தபால்காரருக்குத் தெரிந்திருக்கும். இன்றைக்கு அந்தத் தெருவில் புடவைக்கடை, நகைக்கடை, பாட்டுச் சத்தம், தோசை வாசனை. எந்தக் கூடத்தில் ஐயாவின் பாய் கிடந்தது என்று சொல்ல ஆளில்லை. உங்களில் யாராவது அந்த வீட்டை வாங்கியிருக்கலாம். இல்லாவிட்டால் இனி வாங்கலாம்.

கடைசி இரவு மேல்கட்டில்காரிக்குத் தெரியாமல் போர்வையை எடுத்துத் தரையில் விரித்துப் படுத்தேன், ஆணித் துளைக் கோட்டுக்கு இந்தப் பக்கமாக. பலகை குளிர்ச்சியாக இருந்தது. தெருவில் மோட்டார் சைக்கிள் போனால் முதுகில் தெரிகிறது. காலையில் அவள் பார்த்துவிட்டு, "காசு கொடுத்துக் கட்டில் எடுத்தது எதற்கு அயித்தை?" என்று கத்தினாள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு தாளின் நகலை வைத்திருக்கிறேன். ஐயாவின் குறிப்பேட்டில் ஒரு பக்கம். கிட்டங்கியில் அந்த வருஷம் பாய் போட்டிருந்த பதினோரு பேரின் விலாசமும் ஊரும், சமையல்காரருக்கு ஆளுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கும் அதில் இருக்கின்றன. ஒருவர் பாக்கி வைத்திருக்கிறார். ஐயா அடிக்கோடு போட்டிருக்கிறார். எந்த வீடென்று தெரியாததால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே அனுப்புகிறேன். சட்டம் போட்டு மாட்ட வேண்டாம். படிக்கட்டுப் பக்கம் எங்கேயாவது ஒட்டுங்கள். ஈரம் படாத சுவராகப் பார்த்து.

இப்படிக்கு,
ஆறாம் எண், கீழ்க் கட்டில்